ஆற்றில் ஒரு கால்

இரவு ஒன்று நாற்பது. ஃபோஸ் டு இகுவாசுவில்
மின்விசிறி சுற்றுகிறது, காற்றுதான் இல்லை.
மாட்டுக்கொம்புக் குவளையில் தெரெரே தீர்ந்து
உறிஞ்ச உறிஞ்ச வெறும் சத்தம்.

ஜுசாராவுக்குச் சுங்கத்துறையில் வேலை.
பகலெல்லாம் பரானாவின் பாலத்து முனையில் நின்று
முகம் படிக்கிற உத்தியோகம்.
ஸ்டெப்னிக்குள் சிகரெட் வைத்தவன்
நேரே பார்ப்பான், கழுத்து திரும்பாது.
சீட்டுக்கடியில் செல்போன் வைத்தவள்
மடியிலிருக்கும் பிள்ளையை
ஒரு முத்தம் கூடுதலாகக் கொஞ்சுவாள்.

இங்கே முகம் இல்லை.
ஒரு பச்சை மேசை. ஒரு பெயர்: ட்ரைரா88.
சேற்றில் அசையாமல் கிடக்கிற மீன் அது,
அவர்கள் பேச்சில் துரோகிக்கும் அதே பெயர்.
பெயரை வைத்தே ஆளைப் பிடிக்கலாம் என்றால்
பாலத்தில் அவளுக்கு என்ன வேலை?

கையில் கிளாவர் ஏஸ், டைமன் ராணி.
மேசைக்கு முதலில் வந்தது ஆட்டின் ராணி,
கூடவே கிளாவரில் ஒன்பதும் நாலும்.
பிறகு யாருக்கும் உதவாத ஓர் இரண்டு.
கடைசிச் சீட்டுக்கு ரிவர் என்று பேர்;
ஆற்றில் வந்தது இஸ்பேடு ஆறு.

செக், என்றது மீன்.
இருபத்திரண்டு டாலர் வைத்தாள்,
ஏழைக்கேற்ற எள்ளுருண்டை மாதிரி.
தொண்ணூற்றாறு, என்றது மீன்.

கொக்கு காத்திருக்கும், கேட்டிருக்கிறோம்.
கொக்குக்காகக் கெண்டை காத்திருந்ததை
யார் சொல்லி வைத்தார்கள்?

முப்பது நொடி.

இன்னும் எழுபத்துநாலு போட வேண்டும்.
பிரிட்ஜ் தவணையை விடக் கொஞ்சம் அதிகம்.
மூன்று தடவையில் ஒரு தடவை
அவன் பொய்யனாக இருந்தால் போதும், கணக்கு நேராகிவிடும்.
கணக்குக்கு வியர்க்காது.

சரி, பொய் என்றால் எந்தப் பொய்?
கிளாவருக்காகக் காத்திருந்து, வராமல் போய்,
வெறுங்கையை வீசிப் பார்க்கிற பொய்.
ஆனால் கிளாவரின் தலை, அந்த ஏஸ்,
இவள் கையில் அல்லவா இருக்கிறது?
அவன் சொல்லியிருக்கக்கூடிய பொய்யில் ஒரு பங்கை
இவளே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

பத்தொன்பது.

போன வியாழக்கிழமை ஒரு வேன்.
ஓட்டி வந்தவள் கை நடுங்கியது.
இறக்கு, என்றாள் ஜுசாரா. முப்பத்தாறு ஃபிளாஸ்க்.
ஒவ்வொன்றின் மூடியையும் திருகி
உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தாள்.
கண்ணாடிக்குள் கண்ணாடி, அவ்வளவுதான்.
அந்தப் பெண் ஒரு வார்த்தை பேசவில்லை.
முப்பத்தாறையும் வைக்கோல் சுற்றி
மறுபடி அடுக்க ஒரு மணி நேரமானது.
கை அப்போதும் நடுங்கியது. ஏதோ வியாதி.

அன்று தப்பாகச் சந்தேகித்ததற்கு
விலை கொடுத்தது வேறொருத்தி.
இன்று இவள் பணம்.
அதில் ஒரு நிம்மதிகூட இருந்தது.

ஒன்பது.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள்.
காலை விடாமல் ஆழம் எப்படித் தெரியும்
என்பதை மட்டும் சொல்வதில்லை.
பச்சைப் பொத்தானில் கால் என்று எழுதியிருக்கிறது.
சிவப்பில் ஃபோல்ட்.
எலி இரண்டுக்கும் நடுவில் போய் நின்றது;
மவுஸைத்தான் சொல்கிறேன்.

நாலு.
மூன்று.

சிவப்பு.

காசெல்லாம் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு
எதிர்க்கரைக்குப் போனது.
சீட்டைக் காட்டவில்லை. காட்ட வேண்டியதும் இல்லை.

பிறகு மேசையின் மூலையில் இரண்டு சொல் முளைத்தது:
நல்ல ஃபோல்ட்.

யார் கேட்டார்கள்?

கேட்பதற்கு முன்னாலேயே டிக்கியைத் திறந்து காட்டுகிறவனை
ஜுசாரா எப்போதும் ஓரமாக நிறுத்துவாள்.
பாதிப் பேரிடம் சரக்கு இருக்கும்.
மீதிப் பேர் நல்லவர்கள்.

அடுத்த கை வந்துவிட்டது: இரண்டும் ஏழும்.
தூக்கி எறிய ஒரு நொடி போதும்.
முப்பதையும் எடுத்துக்கொண்டாள்.