ஒரு சொட்டு சோப்பு

மூஃபியா வளாகத்தில் நாலாவது மாடி.
ஜன்னலுக்குக் கீழே சரிந்துகொண்டே போய்
கடலில் முடிகிறது சான் தெனி.
ஆளுக்குப் பன்னிரண்டு நிமிடம்,
பத்தாவதில் மஞ்சள் அட்டை.
பட்டம் வாங்கி ஐந்தாண்டு தாண்டாதவர்கள் மட்டும்
என்று அழைப்பில் போட்டிருந்தது.
முன்வரிசையில் தாண்டியவர்கள் மூன்று பேர்
காப்பிக் கோப்பையோடு.

“அனயேல் காருபே” என்றார் தலைமை தாங்கியவர்.
திரையிலிருந்த எழுத்துகளைக் கூட்டிப் பார்த்தேன்:
கருப்பாயி.
அவளுக்கு அது குடும்பப் பெயர்.
எனக்குக் காரைக்காலில் எதிர்வீட்டு அத்தை.
இரண்டு வருடமாகப் பக்கத்து மேசை,
இதை இன்னும் அவளிடம் சொன்னதில்லை.

மூன்று வருடம் மஞ்சளோடு இருந்தாள்.
பிளேன் தெ கிரேக் மலை மஞ்சள்,
இந்தத் தீவில் அதற்குக் குங்குமப்பூவின் பெயர்.
அதன் மூலக்கூறு
டெங்கு வைரஸின் கத்தரிக்கோலை
அசையாமல் பிடித்து நிறுத்துகிறது;
அப்படித்தான் தெரிந்தது.
வளைகோடு அழகாக இறங்கியது.
செய்தித்தாளில் படம் வந்தது,
அப்பா சட்டம் போட்டார்.
கோயில் நிர்வாகி ஒருவர் கைகுலுக்கி
“நமக்கு முன்னமே தெரியும்” என்றாராம்.

ஆறாவது நிமிடத்தில் அடுத்த படம்.
அதே தட்டு, அதே தொண்ணூற்றாறு குழிகள்,
ஒரு சொட்டு சோப்பு மட்டும் கூடுதல்.
கோடு இறங்கவில்லை.
துவைத்துக் கொடியில் போட்ட வேட்டிபோல்
நேராகக் கிடந்தது.

“கரையாமல் திரண்டு உருண்டையாகி
எதிர்ப்பட்ட புரதத்தையெல்லாம்
அள்ளிக்கொண்டிருக்கிறது.
முட்டை வெள்ளையைக் கொடுத்தாலும் அள்ளும்.
போதாததற்குத் தானே ஒளிர்கிறது,
நொதியே இல்லாத குழியிலும்.
எல்லாரோடும் கைகுலுக்குகிறவனை
எனக்கென்று வந்தவன் என நினைத்துவிட்டேன்.”
கடைசி வரியை மட்டும் கிரியோலில் சொன்னாள்.
பின்வரிசை சிரித்தது.
முன்வரிசைக்குக் கொஞ்சம் நேரமாயிற்று.

மஞ்சள் அட்டை எழுந்தது,
அதற்கும் சிரித்தார்கள்.

“மூன்று வருடத்தில் என்னதான் மிச்சம்?”
கோப்பையை வைக்காமலே ஒருவர்.
அவள் சுட்டுவிளக்கை அணைத்தாள்.
“ஒன்பது குழிகள், ஐயா.
ஒன்றுமே சேர்க்காமல் விட்டவை.
அவை மட்டும் பொய் சொல்லவில்லை.”

அடுத்தது நான்.
சட்டைப்பையில் பென் டிரைவ்,
ஏழாவது படத்தில் என் மூலக்கூறு.
மஞ்சள் இல்லை, வேம்பு இல்லை,
ஊர் பேர் இல்லாதது, நானே குடுவையில் கட்டியது.
அதன் கோடும் அழகாக இறங்குகிறது.
சோப்பு போடத் தோன்றவில்லை என்பது ஒரு பதில்.
தோன்றியது, போன மார்ச்சில், ராத்திரி பதினொன்றுக்கு,
விளக்கை அணைத்துவிட்டு வந்துவிட்டேன்
என்பது இன்னொன்று.

ஏழாவது படத்துக்கு
ஒன்றரை நிமிடம் ஒதுக்கியிருந்தேன்.
“இதற்கு இன்னும் சோப்பு போடவில்லை” என்றேன்.
ஐந்து வார்த்தை.
பிறகு எதைச் சொன்னாலும்
அதற்கு அடிக்குறிப்பாகவே கேட்டது.
மஞ்சள் அட்டைக்கு முன்பே
பேச்சு தீர்ந்துபோயிற்று.

இடைவேளையில் பொம்போன் பிமான்.
பெயரில் மிட்டாய், கடித்தால் வடை.
எண்ணெய் விரல்களோடு
கழுத்து அட்டையைக் கழற்றி நீட்டினாள் அனயேல்.
“இன்று வெள்ளி. திங்கள்வரை ஆய்வகம் காலி.
இரண்டாவது தட்டில் இருக்கிறது,
மூடி விரிசல் விட்டது.
குலுக்காதே,
நுரைத்துவிடும்.”