ஆற்றங்கரை மாடிகள்

ஜெலுத்தோங்கில் இருபத்தைந்து மாடி வீடமைப்பு.
கட்டியவர்களின் சிக்கனம்:
இடது லிஃப்ட் இரண்டின் மடங்குகளில் நிற்கும்,
வலது லிஃப்ட் மூன்றின் மடங்குகளில்.
நடு லிஃப்டின் கதவில் 'ரோசாக்' என்றொரு அட்டை,
இரண்டு வருஷமாய்.
அதைப் பழுதுபார்க்க வந்தவள் நான்.

நான்காம் மாடிப் பொத்தானில் நான்கு இல்லை, '3ஏ'.
ஹொக்கியன் காதுக்கு நான்கு சாவைப் போல் ஒலிக்கும்.
பதினான்கையும் '13ஏ' என்று ஒளித்து வைத்திருந்தார்கள்.
இடது லிஃப்ட் ஏமாறவில்லை.
அதற்குப் பெயர் தெரியாது, மீதி மட்டும் தெரியும்.
மீதி இல்லையா, கதவைத் திற.

நிர்வாகம் கேட்டது:
எந்த லிஃப்டும் நிற்காத மாடிகள் எவை?
ராஃபியா கயிற்றில் ஆடும் கோப்பி ஓ பொட்டலத்தோடு
பழைய ரசீதின் பின்புறம் எண்களை எழுதி
இரண்டின் பிள்ளைகளை அடித்தேன்,
மூன்றின் பிள்ளைகளை அடித்தேன்.
பன்னிரண்டு இரண்டு முறை அடி வாங்கியது.
முதல் மாடியைச் சேர்க்கவில்லை.
ஒன்று எல்லாருக்கும் காரணி,
எந்தச் சங்கத்திலும் உறுப்பினர் இல்லை.

அடிபடாமல் நின்றவை
ஐந்து, ஏழு, பதினொன்று, பதின்மூன்று,
பதினேழு, பத்தொன்பது,
இருபத்து மூன்று, இருபத்தைந்து.
மேலே 'பகா மாடிகள்' என்று தலைப்பிட்டு
அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன்.

மறுநாள் காலை துர்காஷினி பிடித்துக்கொண்டாள்.
பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை, இரவு ஷிஃப்ட்,
கண்ணில் இன்னும் தூக்கம்.
"அக்கா, எங்க மாடி பகா இல்ல. ஐயஞ்சு."
அவள் சிப் அடுக்கும் தட்டு அப்படி,
ஐந்து வரிசை, வரிசைக்கு ஐந்து.
வெட்கமாகிவிட்டது.
இரண்டைக் கேட்டேன், மூன்றைக் கேட்டேன்,
ஐந்தின் கதவைத் தட்டாமல் இறங்கிவிட்டேன்.

"அப்ப இருபத்து மூணு?"
இரண்டால் வகுத்தால் ஒன்று மீதி.
மூன்றால் வகுத்தால் இரண்டு மீதி.
ஐந்தைக் கேட்க வேண்டியதில்லை.
ஐந்தோ அதற்குப் பெரியதோ வகுக்குமானால்
அதன் ஜோடி ஐந்தைவிடச் சின்னது,
சின்னவர்கள் வீட்டை ஏற்கெனவே தட்டியாயிற்று.
பகாதான், சந்தேகமில்லை.

இருபத்து மூன்றில் இருக்கும் ஊய் போ கியாட்
இதைக் கேட்டுவிட்டு ஓடிப்போய்
நாலு நம்பரில் 2323 எடுத்தார்.
அது இருபத்து மூன்றின் நூற்றொரு மடங்கு.
ஒரு சென் விழவில்லை.

இரவு கேபிள்களுக்கு எண்ணெய் தடவும்போதுதான்
கண்ணில் பட்டது:
ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவே ஆறு.
பதினொன்றுக்கும் பதின்மூன்றுக்கும் நடுவே ஈராறு.
பதினேழு, பத்தொன்பது, நடுவே மூவாறு.
ஆறிலிருந்து இரண்டு தள்ளிப் போனால் இரண்டு பிடிக்கும்,
மூன்று தள்ளிப் போனால் மூன்று பிடிக்கும்,
ஒன்று தள்ளி நிற்பவருக்கே தப்பிக்க வழி.
அப்படியானால் இவர்கள் எல்லாருமே
ஆற்றங்கரைக் குடியிருப்பு.
கரையில் இருந்தும் நனையாதவர்கள்.
ஆறு வரும் மாடியில் இரண்டு லிஃப்டும் நிற்கும்,
அதற்கு ஒரு மாடிப் படிதான், ஏறியோ இறங்கியோ.
தனிமை என்று நான் நினைத்ததன் அளவு
பதினாறு படிகள்.

நடு லிஃப்டை ஐந்தின் மடங்குகளுக்கு விட்டோம்.
துர்காஷினி நேராக வீட்டு வாசலில் இறங்கினாள்,
நன்றி சொல்லவில்லை, கொட்டாவி விட்டாள்.
பதினேழாம் மாடி மக்சிக் ரொஹானா மட்டும்
இடுப்பில் கைவைத்து நின்றார்: "எங்களுக்கு?"
என்ன சொல்ல?
பதினேழுக்கென்று ஒரு லிஃப்ட் போட்டால்
அது அங்கே ஒருமுறைதான் நிற்கும்,
முப்பத்து நான்காம் மாடி நம்மிடம் இல்லை.
அவருடைய அரிசி மூட்டையைப் பதினெட்டில் இறக்கி
நானே சுமந்து போனேன்.

எனக்கு இந்த வருஷம் நாற்பத்தேழு.
இரண்டு, மூன்று, ஐந்து, எவரும் வகுக்கவில்லை.
ஏழைக் கேட்கவே வேண்டாம்.
அடுத்த வருஷம் பத்துக் காரணிகள் வருமாம்,
பார்ப்போம்.