மேற்கே நாலு விரல்

படிவத்தில் முதல் கட்டம் உயரம்.
நூற்று எழுபத்தெட்டு. காலணியோடு.
கழற்றச் சொல்லவில்லை நான்;
கொழிஞ்சாம்பாறை வெயிலில் சிமெண்டுத் தரை
தோசைக்கல்லாய்க் கிடந்தது.

பெயர் ஜெரோம் சவரிமுத்து. கார்டு.
பி.காம். மூன்றாம் ஆண்டு.
அப்பா வேலந்தாவளம் சந்தைக்குத் தக்காளி ஏற்றுகிறவர்
என்று யாரோ சொன்னார்கள்.
அதற்குக் கட்டம் இல்லை.

இடக்கை: சுமார்.
இடப்பக்கம் போனால் இரண்டே தட்டு, நின்றுவிடுகிறான்,
சீட்டு கையில் இருந்தும்
செக்போஸ்டில் லாரி நிற்பதுபோல.
எதிரணிப் பையன் முதல் கால்பகுதியிலேயே
அதைக் கண்டுகொண்டான். நானும்.

பறிகொடுத்த பந்துகள் ஆறு
என்று எழுதினார் மேசைக்காரர்.
என் நோட்டில் மூன்று.
மற்ற மூன்றும் ஷிஹாபின் விரல்கள் கணக்கு.
ஆறரை அடி ஆள், பாவம்,
பாஸ் வரும் என்று அவனுக்கே தோன்றாத நேரத்தில்
நெஞ்சுக்கு நேரே பந்து வந்து நின்றால்
என்னதான் செய்வான்?
அந்த மூன்றையும்
ஜெரோமின் வரவில் வைத்தேன்.

மூன்று புள்ளி எறிதல்: பதினொன்றில் ஏழு.
இங்கேதான் பேனா நின்றது.
கணவாய் வழியே ஆடிக்காற்று
கேட்பாரில்லாமல் நுழைகிற மைதானம்.
அம்மியே நகரும் என்கிறார்கள்;
பந்துக்கு எடை அறுநூறு கிராம்தான்.
வெளியூர் அணி நேராக எறிந்தது,
எறிந்ததெல்லாம் கிழக்கே பனைகளைத் தேடிப் போனது.
இவன் வளையத்தைப் பார்க்கவே இல்லை.
அதற்கு மேற்கே நாலு விரல் தள்ளி
ஒன்றுமே இல்லாத ஓர் இடத்தைப் பார்த்து எறிந்தான்.
அங்கிருந்து பந்து
சாய்ந்து சாய்ந்து வந்து விழுந்தது.
ஏழு தடவை.

"நல்ல கசறன் களிக்காரனாக்கும், எழுதிக்கோங்க மேடம்"
என்றார் சுகுணன் மாஷ்.
எழுதவில்லை.

வியாழக்கிழமை கோயம்புத்தூருக்கு வரச்சொன்னோம்.
கூரை. மரத்தரை. அடைத்த கதவுகள்.
வடக்கு வளையத்தில் முதல் பத்தில் ஒன்றுதான் விழுந்தது.
ஒன்பதும் இடது விளிம்பு.
கிளப் மேலாளர் கைபேசியை எடுத்துக்கொண்டார்.
எதிர்முனைக்குப் போகச் சொன்னேன்.
அங்கே பத்தில் எட்டு
வலது விளிம்பு.

எழுந்து வெளியே போய்
சூரியன் எங்கே என்று பார்த்துவிட்டு வந்தேன்.
இரண்டு முனையிலும் அவன் தவறியது
ஒரே பக்கம்தான்: மேற்கே.
மாநிலம் தாண்டி வந்து,
திசை சொல்ல ஒரு ஜன்னல்கூட இல்லாத கூடத்தில்.

"காத்தே இல்லியே மேடம்" என்றான்,
யாரோ திருடிப் போய்விட்டதுபோல.
பிறகு தலையைத் தூக்கி,
"அந்த ஃபேனையாவது போடலாமா?"

என் முழங்காலைப் பார்த்தவர் அந்தக் காலத்தில்
இன்னும் ஆறு வருடம் தாங்கும் என்று எழுதினார்.
பதினான்கு மாதம் தாங்கியது.
அவர் நல்லவர். கவனமாகத்தான் பார்த்தார்.

ஃபேன் போடவில்லை. எறியச் சொன்னேன்.
நாற்பதாவது பந்தில் நாலு விரல் மூன்றானது.
தொண்ணூறில் இரண்டு.
இரண்டிலேயே நின்றது.
ஐந்தரை பஸ்ஸை விட்டால் அடுத்தது எட்டுக்குத்தான் என்று
பையை எடுத்துக்கொண்டு ஓடினான்,
நன்றி சொல்ல மறந்து,
வாசலில் நினைவு வந்து, கையை மட்டும் காட்டி.

மேலாளர் படிவத்தைப் புரட்டவில்லை.
எல்லாம் சரி, ஹைட் எவ்வளவு என்றார்.

நூற்று எழுபத்தெட்டு என்றேன்.
காலணியைப் பற்றி
அவர் கேட்கவில்லை.