பதினைந்தரை

ஒவ்வொரு மாதமும் பதினைந்தாம் தேதிக்குள்
கப்பலூர் சிட்கோவில் எங்கள் ரப்பர் கம்பெனி
தன் நாற்பத்தொரு உடம்புகளை
அரசாங்கத்துக்குச் சொல்லியாக வேண்டும்.
சொல்வது நான்.
பெயர், இ.எஸ்.ஐ. எண், வந்த நாள், வாங்கிய கூலி.
அவர்களிடம் முக்கால் சதவீதம்
முதலாளியிடம் மூன்றேகால்.
மூச்சு வாங்குகிறதா, ராத்திரி தூக்கம் உண்டா
எந்தக் கட்டமும் கேட்பதில்லை.

தை கடைசியில் பெத்தணன் விழுந்தார்,
அச்சு எந்திரத்துக்குப் பக்கத்திலேயே
சூடு ஆறாத வாஷர்களுக்கு நடுவில்.
"எங்க வச்சிருக்காக?"
"தத்தனேரி."
கேட்டவர் கை நெஞ்சுக்குப் போனது.
"ஆஸ்பத்திரிங்க, ஆஸ்பத்திரி" என்றேன் அவசரமாக.
மதுரையில் அந்தப் பெயரைத்
தனியாகச் சொல்லக் கூடாது.

பத்தாம் நாள் ஒச்சம்மாள் வந்தார்.
நாலாய் மடித்த தாள், வியர்வையில் ஊறியது.
நோய்க்காலப் பணம் கிடையாதாம்.
ஏப்ரல் தொட்டு செப்டம்பர் முடிய
எழுபத்தெட்டு நாள் வேண்டுமாம்.
இருப்பது எழுபத்தேழு.
"ஒம்பது வருசமா வாராரேம்மா,
ஒரு நாளா இல்லாமப் போச்சு?"

திறந்து பார்த்தேன்.
ஏப்ரல் பதினாலு, மே ஒன்பது,
ஜூன் பதினேழு, ஜூலை பன்னிரண்டு,
ஆகஸ்ட் பதினைந்து, செப்டம்பர் பத்து.
வராத நாளெல்லாம் அவர் வராத நாளல்ல.
ஆர்டர் இல்லை, திங்கக்கிழமை பாப்போம் என்று
நாங்கள் வரவிடாத நாள்.
அதற்கு ஒரு கட்டம் இல்லை.

ஆகஸ்டில் ஒரு புதன்கிழமை.
திருமங்கலம் பக்கம் மின்வாரியப் பராமரிப்பு.
எட்டு இரண்டுக்குக் கைரேகை வைத்து உள்ளே,
பன்னிரண்டு பத்துக்கு வெளியே.
அரை நாள் கூலி கொடுத்தோம்.
அந்த அரைக்கும் சந்தா பிடித்தோம், கட்டினோம்.
நாளை மட்டும் கட்டவில்லை.
பதினைந்தரை என்று அடித்தேன், கட்டம் சிவந்தது.
முழு எண் கேட்டது.
பதினைந்து போட்டேன்.
அன்றைக்கு எனக்கு
ஐந்தேகால் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது.

அதே பக்கத்தின் அடியில்
எறும்பு எழுத்தில் கிடக்கிறது:
பின்னம் வந்தால் அடுத்த முழு எண்ணுக்கு உயர்த்தவும்.

துளசிராம் சார் விசிறியைக் குறைத்தார்.
"ஒரு மாசத்தத் தெறந்தா
அவன் எல்லா மாசத்தயும் தெறப்பான்மா."
"தப்பு என்னுது சார்."
பேனா மூடியைக் கடித்துக்கொண்டே
கையெழுத்துப் போட்டார்.
மனசா எரிச்சலா, இன்றுவரை தெரியாது.

அலுவலகத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்
வருகைப்பதிவு நகலைப் புரட்டினார்.
"அர நாளுக்கா இம்புட்டுப் பேப்பர்?"
முத்திரை குத்தினார். பெறப்பட்டது.
பதில் வரும் என்றார்.
மாசி முடிந்துவிட்டது.
ஒச்சம்மாள் போன் செய்தால்
"எழுதியிருக்கோம்" என்கிறேன்.
அந்த 'ஓம்' மட்டும் கொஞ்சம் தொண்டையில் நிற்கும்.

மறுபடி பதினைந்தாம் தேதி.
பிப்ரவரிக்குப் பெத்தணன்: பூஜ்யம்.
காரணம் சொல் என்கிறது திரை.
விடுப்பு
வேலையை விட்டார்
ஓய்வு பெற்றார்
ஊதிய வரம்பு கடந்தார்
மரணம்.
எல்லாம் ஒரே அளவு எழுத்து,
ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் ஒரு நகம் இடைவெளி.
என் மவுஸின் சக்கரம் தேய்ந்தது,
தொட்டால் இரண்டு வரி தாண்டும்.

விடுப்பு என்று வைத்தேன்.
கையை எடுத்துவிட்டு இன்னொரு முறை படித்தேன்.
அப்படியும் அனுப்பவில்லை.
மற்ற நாற்பது வரிகளுக்குப் போய்
கிடந்த அரைகளையெல்லாம்
ஒவ்வொன்றாக மேலே தள்ளினேன்.
வாட்ச்மேன் லைட்டை அணைக்கவா என்று
இரண்டு தடவை எட்டிப் பார்த்தார்.
ஐந்தேகால் போய்விட்டது,
ஆறேமுக்காலும்.