மூணு நிமிஷம்

ஞாயிற்றுக்கிழமை சோமனூர் மண்டபத்தில்
நம்ம ஷெட்டுக்கு ஆர் பேசறது என்று கேட்டபோது
எல்லோரும் குனிந்து தார்க்குச்சியைப் பார்த்தார்கள்.
நான் மூக்கைச் சொறியக் கை தூக்கினேன்.
பெயர் எழுதிக்கொண்டார்கள்.

மூணு நிமிஷம்தானுங்க, என்றார் சங்கத்துக்காரர்.
மூன்று நிமிஷத்தில் என் தறி
ஒரு சாண் துணி இறக்கும்.
ஒரு சாணுக்கு எத்தனை வார்த்தை?

தர்ணிகாவின் பேச்சுப்போட்டித் தாளிலிருந்து
'பெருமதிப்பிற்குரிய'வை எடுத்துக்கொண்டேன்.
அவையோர், சான்றோர், ஆன்றோர்.
ஆன்றோர் என்றால் யாரென்று அவளுக்கும் தெரியவில்லை.
இருக்கட்டும் என்றாள், மார்க் போடுவார்களாம்.
பீம் சீட்டின் பின்பக்கம் நிறைந்துவிட்டது.
கூலி என்ற சொல் மட்டும் கடைசி வரியில்
டவுன்பஸ் படியில் தொங்குகிற மாதிரி
ஒற்றைக்காலில் தொங்கியது.

நைட் ஷிஃப்டில் எட்டுத் தறிக்கு நடுவே நின்று
உரக்கச் சொல்லிப் பார்த்தேன்.
இதைவிடத் தோதான இடம் கிடையாது:
தொண்டை கிழியக் கத்தினாலும்
கத்தினவளுக்கே கேட்காது.
ஆனால் எதிர்த்தறியில் சாந்தாமணி.
உதட்டைப் பார்த்தே
ஊர்க்கதை அத்தனையும் கேட்கிறவள்.
நாலு விரல் காட்டினாள்.
நாலு பெருமதிப்பு.
பிறகு ஓடும் நாடாவைச் சுட்டி, கையை விரித்து
வாயசைத்தாள்:
வெறும் பாவுதான் ஓடுது.
இன்னும் ஊடையே விழுகலை.

இரண்டரை மணிக்குக் கரண்ட் போனது.
எல்லாத் தறியும் ஒரே மூச்சில் நிற்க
என் குரல் மட்டும் நிற்கத் தெரியாமல்
'ஆன்றோர்களே!' என்று
ஆஸ்பெஸ்டாஸில் மோதித் திரும்பியது.
இருட்டுக்குள்ளிருந்து ஃபிட்டர் ராக்கியப்பன்
'வந்துட்டனுங்க' என்றான்.

சிரித்து முடிய அரைமணி ஆயிற்று.
ஆனால் அன்றைக்குத்தான்
என் குரலை நான் கேட்டேன்.
யாரோ கதவை உடைத்துக்கொண்டு வருகிற மாதிரி இருந்தது.

வீட்டில் தர்ணிகா மொபைலில் பிடித்துப் போட்டுக் காட்டினாள்.
'ஆரு கூடம்மா சண்டை?'
சண்டை இல்ல கண்ணு, பேசறதே இப்படித்தான்.
'எப்பவுமா?'
எப்பவுமாம்.
கறிக்கடையில், அவள் டீச்சரிடம்,
போன மாசம் எழவு வீட்டில்
ஆறுதல் சொன்னபோதும்.

அப்புறம் நாலு நாள்
தொண்டைக்குழியில் விரல் வைத்துப் பேசினேன்.
விரலில் தறி ஓடினால் சத்தம் அதிகம்,
எறும்பு ஊர்ந்தால் சரி.
அவள் கதவோரம் நின்று கையைத் தாழ்த்துவாள்.
குக்கர் விசிலில் நேரம் பார்த்தோம்.
ஆன்றோரை எடுத்தேன். சான்றோரை எடுத்தேன்.
'வாழ்வாதாரம்' வரும்போதெல்லாம்
நாக்கு முடிச்சில் இடறியது, அதையும் அறுத்தேன்.
மிச்சம் ஐந்து வரி.
பயத்தை எந்த இடத்தில் வெட்டுவது என்றுதான்
தெரியவில்லை.

மண்டபத்தில் மைக்
என் உயரத்துக்கு இறங்க மாட்டேன் என்றது.
முன்வரிசையில் வெள்ளை வேட்டிகள்.
எங்கும் சத்தமே இல்லை.
தறி ஓடாத இடத்தில் நின்று
எனக்குப் பழக்கமில்லை,
காலடியில் தரை அதிர்ந்தால் தேவலாம் போலிருந்தது.
வலது குதிகாலால் மெல்லத் தட்டினேன்,
செருப்புக்குள்ளேயே, டக் டக்.

வணக்கம்கூட மறந்துபோய்,
'என்ற புள்ள பாடம் படிக்கறது
எனக்குக் கேக்கறதில்லீங்க' என்றேன்.
சீட்டில் இல்லாத வரி.
'பதினேழு வருஷமா இந்தக் காதையும் சேத்துத்தான்
நெஞ்சு குடுக்கறோம்.
மீட்டருக்கு நீங்க சொல்ற காசுல
காதுக்கு எவ்வளவு வருமுங்க?'

பிறகு சீட்டிலிருந்த ஐந்தில் மூன்று வரி.
மற்ற இரண்டும் எங்கே போயினவோ.
மணி அடிக்கும் முன்பே இறங்கிவிட்டேன்.

கூலி இன்னும் இழுபறிதான்,
புதன்கிழமை மறுபடி கூடுகிறார்களாம்.
திரும்பும் பஸ்ஸில் சாந்தாமணி
இன்ஜின் இரைச்சலுக்கு நடுவே வாயசைத்தாள்:
காது சொன்னது நல்லாருந்துச்சு.
வணக்கம் சொல்லிப் பழகு.