வாய் மடிப்பு

லைசன்சில் க. நாச்சிமுத்து என்று இருக்கிறது.
தோட்டாவின் வாயை மடிப்பது நான்.

அந்தியூரிலிருந்து மலைப்பக்கம் திரும்பினால்
வரட்டுப்பள்ளத்துக்கு முன்னாலேயே எங்கள் காடு.
குச்சிக்கிழங்கு பருக்கிற மாதம்
பன்றிகள் இறங்கும், குட்டியும் குடும்பமுமாக,
சீர் கொண்டு வருகிறவர்கள் மாதிரி.
ஒற்றைக்குழலுக்குக் கலெக்டர் முத்திரை உண்டு.
இந்த மேசைக்கு இல்லை.
கோபியிலிருந்து எவனோ கொண்டுவந்து கொடுத்த கைப்பொறி,
டால்டா டப்பா நிறையக் காலித் தோட்டா.
சன்னலைச் சாத்திவிட்டுத்தான் உட்காருவோம்.

மருந்து அளப்பது இவர். அதில் என்னை நம்பமாட்டார்.
ரவை போடுவதும் இவர்
(ரவை என்றுதான் அதற்கும் பேர்,
உப்புமா ரவை வேறு அலமாரி).
வாயை மடிக்கும்போதுதான் கை நடுங்கும்.
சர்க்கரை வியாதி என்கிறார். எனக்குத் தெரியும் எதுவென்று.
ஒருமுறை இவர் மடித்தது குழலுக்குள்ளேயே அவிழ்ந்து
ரவையெல்லாம் பொலபொலவென்று இவர் செருப்பின் மேல் கொட்டிற்று.
பன்றி நின்று பார்த்துவிட்டுப் போனது.
மறுநாள் என்னைக் கூப்பிட்டார்.

எனக்கென்ன, சோமாசி மடித்த கை.
ஓரம் பிடித்து ஆறு மடிப்பு,
ஆறும் நடுவில் ஒரே புள்ளிக்கு வந்து சேரவேண்டும்.
இளகினால் பொட்டுக்கடலை மாவு எண்ணெயில் கலங்கும்.
இறுக்கினால் விளிம்பு வெடிக்கும்.
கைப்பிடியை அழுத்துகிறபோது
சந்தகை பிழிகிற அதே தோள்தான் வலிக்கிறது.
கட்டைவிரலால் தடவுவேன்.
தொப்புள் மாதிரி இருந்தால் சரி.

புரட்டாசியில் பொழித் தகராறு.
பொழியில் நின்ற வேம்பை மாரப்பன் வெட்டிவிட்டான்.
வேர் யாருடையது, நிழல் யாருடையது என்று
மூன்று பஞ்சாயத்து பேசி முடிப்பதற்குள்
மரம் லாரியேறி ஈரோடு போய்ச் சேர்ந்தது.
அன்று பொழுதோட இவர் சோறு தொடவில்லை.
"இன்னிக்கு அஞ்சு போதும்" என்றார்,
பன்றிக்குப் பத்து கேட்கிறவர்.
"ஏனுங்க, அவரு உங்க கூடப் பொறந்தவருங்க."
"வாய மூடு."

மூடினேன்.
மருந்தை அளந்து வைத்துவிட்டு
இவர் பீடி பற்றவைக்க வெளியே போன நேரம்
ரவைக் கிண்ணத்தை நான் தொடவில்லை.
கோழிக்கு வைத்திருந்த கம்பு
ஒவ்வொன்றிலும் நிறைய.
ஆறாறு மடிப்பு. ஐந்து தொப்புள்.
இத்தனை வருசத்தில் இவ்வளவு அழகாக மடித்ததில்லை.
உள்ளங்கையில் வாங்கி உருட்டினார்.
எடை காட்டிக்கொடுத்துவிடுமோ என்று எனக்கு அடிவயிறு இறங்கியது.
கோபத்துக்கு எடை தெரியவில்லை.

பத்துமணிக்கு ஒன்று.
நாய்கள்.
அப்புறம் இன்னொன்று.
துளசிமணி அலறியது எங்கள் களம்வரைக்கும் கேட்டது.
அடுப்பங்கரையில் நின்று எண்ணினேன்: மீதி மூன்று.
மூன்றாவதுக்குக் காத்திருந்தேன். வரவில்லை.
வந்தவர் துப்பாக்கியை மூலையில் சாத்தினார்.
"இருட்டு. தவறிப்போச்சு" என்றார்.
பேருந்தில் அடிபடாமல் தப்பித்தவன் மாதிரி முகம்.
அப்புறம் சோறு கேட்டார். இரண்டு முறை.

விடிந்து தண்ணீர் திருப்பப் போனேன்.
பொழியில், வேம்பின் அடிக்கட்டையைச் சுற்றி
மணிப்புறா ஏழெட்டு, நிமிராமல் கொத்திக்கொண்டிருந்தன.
அந்தப் பக்கம் மாரப்பன்.
பல்குச்சியை வாயிலிருந்து எடுத்துவிட்டு
குனிந்து ஒன்றைப் பொறுக்கினான்.
உள்ளங்கையில் வைத்து வெளிச்சத்துக்குத் திருப்பினான்.
என்னைப் பார்த்தான்.
வாயில் போட்டு மென்றான்.
நான் மடைக்கு மண் வெட்டிப் போட்டேன்.

மீதி மூன்றும் டால்டா டப்பாவில்
மற்றதோடு கலந்து கிடக்கின்றன.
எல்லாம் ஒரே மடிப்பு, ஒரே கை.
எதில் எது என்று எனக்கே தெரியவில்லை.
ராத்திரி பன்றி வந்தால்
இவரிடம் என்ன சொல்வது என்றுதான் யோசனை.