ஓதம்

கவென்ட்ரியில் ஒரு சாரிட்டி கடை. பின் அலமாரியில்
மூன்று அகராதிகள் எடுத்தேன், ஒரு தெசாரஸும்.
மொத்தம் நான்கு பவுண்ட் எழுபது.
எது யாருக்குப் பொருந்தும்?
சட்டையைத் தோளில் வைத்துப் பார்ப்பதுபோல்
ஒரே சொல்லை எல்லாவற்றிலும் வைத்துப் பார்த்தேன்.
அந்த வாரம் என் மண்டையில் இருந்ததே ஒரு சொல்தான்:
டேம்ப்.

ஐந்து வயதுக்கானதில்
மழையில் நனைந்த நாய்க்குட்டிப் படம்.
'கொஞ்சம் ஈரம்' என்றது, அவ்வளவே.
ஆதிரைக்கு நாய் போதும்.

பத்து வயதுக்கானது ஒரு வாக்கியம் தந்தது:
'புல் ஈரமாக இருந்ததால் நாங்கள் உட்காரவில்லை.'
புல்லாம். உட்காரவில்லையாம்.
துவாரகனின் கட்டில் ஒட்டியிருக்கும் சுவரை
இதை எழுதியவர் பார்த்திருக்க மாட்டார்.

பெரியதில் எழுத்தெல்லாம் எறும்புச் சாரை.
பெயர், வினை, பெயரடை என்று மூன்று வேடம்.
பழைய ஜெர்மன் பக்கமிருந்து வந்ததாம்,
முதலில் ஆவி என்றுதான் பொருளாம்,
சுரங்கத்தில் ஆளைக் கொல்லும் வாயுவுக்கும்
அதே பெயராம்.
கடைப் பெண் வந்து 'ஆர் யூ ஓகே, லவ்?' என்று கேட்கும்வரை
நின்றபடியே வாசித்தேன்.

தெசாரஸை யாழிசை பிடுங்கிக்கொண்டாள்.
அன்றிரவு கவுன்சிலுக்குக் கடிதம்.
மாய்ஸ்ட்? 'அது கேக்குக்குச் சொல்லுறது அப்பா.'
ஹியூமிட்? 'அது கொழும்பு.'
கிளாமி? 'அது சோதனை அன்றைக்கு என்ரை கை.'
கடைசியில் டேங்க்.
தண்ணீர்த் தொட்டி இல்லை, இது வேறு;
சொல்லும்போதே மூக்கில் பூஞ்சணம் ஏறியது.
அதையே இரண்டு இடத்தில் எழுதினாள்.
நான் எனக்குள் தேடினேன்: ஓதம்.
பழைய தமிழில் கடலுக்கும் அதே சொல்.
பத்துக்குப் பன்னிரண்டு அறைக்குள்
கடல்.

பதினெட்டு நாள் கழித்துப் பதில்.
மிஸ் ரோத்வெல், வீட்டு வசதிப் பிரிவு.
டேம்ப் இல்லையாம். டேங்க்கும் இல்லையாம்.
கண்டென்சேஷன்.
நீங்கள் சமைக்கிறீர்கள், குளிக்கிறீர்கள்,
உள்ளே துணி காயப்போடுகிறீர்கள், மூச்சு விடுகிறீர்கள்.
தயவுசெய்து ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

சின்ன அகராதியில் அந்தச் சொல்லே இல்லை.
நடுவிலானது, கண்ணாடியில் நீர்த்துளி என்றது.
பெரியது நான்கு பொருள் தந்தது,
ஒன்றிலும் 'உன் குற்றம்' என்று இல்லை.
ஈரமில்லாத கடிதம் என்றேன் தமிழில்.
யாழிசை சிரித்தாள், பிறகு
இதை எப்படி இங்கிலீஷில் போடுவது என்று
பென்சிலைக் கடித்துக்கொண்டு
தெசாரஸைப் புரட்டத் தொடங்கினாள்.
இன்னும் புரட்டுகிறாள்.

அகராதிகளை அடுக்கியிருந்ததும் அந்தச் சுவரோரம்தான்.
பெரியது தாங்கிவிட்டது.
சின்னது உப்பிப்போய்ப் பக்கங்கள் ஒட்டிக்கொண்டன.
ரேடியேட்டர் மேல் கவிழ்த்துக் காயவைத்தோம்.
ஆதிரை நகத்தால் ஒரு தாளை மெல்லப் பிரித்தாள்.
டேம்ப்புக்கு எதிர்ப்பக்கம் டான்ஸ்.
நாய்க்குட்டியின் வால் பிய்ந்து
ஆடும் சிறுமியின் காலில்
ஒட்டிக்கொண்டிருந்தது.